இன்னொரு தடவை பார்த்துச் சொல்லுங்க

மதுரை புதூரில் எங்கள் மெடிக்கலுக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வருகிறவர்களை இரண்டாகப் பிரிக்கலாம். டாக்டர் சீட்டோடு வருபவர்கள் ஒரு வகை. சீட்டு இல்லாமல் வந்து, மற்றவர்கள் போகும்வரை ஓரமாக நின்று, பிறகு குரலைத் தாழ்த்திப் பேசுகிறவர்கள் இன்னொரு வகை. "நெஞ்சு படபடங்குதுக்கா, கேஸா இருக்குமா?" "ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துருது, அப்புறம் தூக்கமே இல்ல." "பி.பி. பார்க்கணும். நேத்துப் பார்த்தது நார்மல்தான். இருந்தாலும் இன்னொரு தடவை பார்த்துச் சொல்லுங்க."

இரண்டாம் வகையில் வயதானவர்கள் குறைவு. முப்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் இருப்பவர்கள்தான் அதிகம். வீட்டுக்கடன் கட்டுகிறவர்கள், ராத்திரி பத்து மணிக்கு மேனேஜர் அனுப்பும் வாட்ஸ்அப்புக்குப் பதில் போடுகிறவர்கள், பிள்ளையின் நீட் கோச்சிங்கையும் அம்மாவின் டயாலிசிஸையும் ஒரே சம்பளத்தில் ஓட்டுகிறவர்கள். கேஸ் மாத்திரை வாங்குவார்கள், சிரப் வாங்குவார்கள். சில சமயம் ஒரு வார்த்தையை மட்டும் வாங்கிக்கொண்டு போவார்கள்: "ஒண்ணும் இல்லண்ணே, நல்லாத்தான் இருக்கீங்க." முகம் தெளிந்துவிடும். இரண்டு நாளில் திரும்பவும் வருவார்கள்.

பதட்டத்துக்கு எங்கள் மாதிரி கடைகளில் அதிகம் போகும் சரக்கு ஆறுதல்தான். சைக்கோதெரபி என்கிற பேச்சு சிகிச்சையும் அதே சரக்கைக் கொஞ்சம் கூடுதல் விலைக்கு விற்கும் இடம் என்று பலர் நினைக்கிறார்கள். மருந்து விற்பவளாகவும், அந்தச் சிகிச்சைக்குப் போய் வந்தவளாகவும் சொல்கிறேன்: அங்கே போய் உட்கார்ந்தால் முதலில் நிறுத்தச் சொல்வதே ஆறுதல் தேடுவதைத்தான்.

ஃபைலோடு அலைந்த தம்பி

ஃபைனான்ஸ் கம்பெனியில் வசூல் வேலை பார்க்கிற ஒரு தம்பி எங்கள் வாடிக்கையாளர். ஆள் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது முப்பத்து நாலு, சிகரெட் பழக்கம் கிடையாது. ஒருநாள் மாட்டுத்தாவணி பக்கம் பைக்கில் போகும்போது நெஞ்சு இடித்து, கை மரத்து, கண் இருட்டி, செத்தே போகப்போகிறோம் என்று தோன்றியிருக்கிறது. அவசரப் பிரிவில் இ.சி.ஜி. எடுத்தார்கள், நார்மல். அப்புறம் எக்கோ, ட்ரெட்மில், அதுவும் நார்மல். அந்த ரிப்போர்ட்டெல்லாம் ஒரு ஃபைலில் சேர்ந்து அவரோடேயே சுற்றியது. சட்டைப் பையில் நாக்குக்கு அடியில் வைக்கிற சார்பிட்ரேட் மாத்திரை, வண்டியில் தண்ணீர் பாட்டில். ரிங் ரோடு பக்கம் தனியாகப் போவதை விட்டுவிட்டார். ஆஸ்பத்திரி இருக்கிற தெருக்கள் வழியாகச் சுற்றித்தான் வேலைக்குப் போவார்.

முதல் தடவை ஆஸ்பத்திரிக்கு ஓடியது முழுக்கச் சரி. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வியர்த்துக் கொட்டுதல் வந்தால் 'டென்ஷனாக இருக்கும்' என்று வீட்டில் உட்காரவே கூடாது. தைராய்டு, ரத்தசோகை, இதயத்துடிப்புக் கோளாறு எல்லாம் பதட்டம் போலவே வரும். டாக்டர் பார்த்து, பரிசோதித்து, உடம்பில் கோளாறில்லை என்று சொன்ன பிறகும் ஐந்தாவது இ.சி.ஜி.க்கு மனசு துடிக்கிறதே, நான் பேசுவது அதைப் பற்றி.

அவருக்கு நடந்தது என்ன? ஆபத்து என்று மூளை முடிவு கட்டினால் உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிவிடும் என்று ஹார்வர்டு உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915இல் எழுதினார். அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமெடுக்கும், மூச்சு கூடும், ஜீரணம் ஒத்திப்போடப்படும். நாய் துரத்தினால் இதெல்லாம் வேண்டும். ஓடாமல் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு மூச்சு மட்டும் தேவைக்கு மேல் ஓடினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. விரல் மரப்பதும், உதட்டைச் சுற்றிக் குறுகுறுப்பதும், தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். வேகவேகமாக மூச்சு வாங்கும்போது காற்றையும் சேர்த்து விழுங்குகிறோம். ஏப்பம் வருகிறது. ஏப்பம் வந்ததும் 'கேஸ்தான்' என்று ஊரே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

உடம்பின் இந்த அலாரம் ஒருவருக்குத் திரும்பத் திரும்ப ஏன் அடிக்கிறது என்பதற்கு ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த டேவிட் கிளார்க் 1986இல் தெளிவான விளக்கம் தந்தார். நெஞ்சு லேசாகப் படபடக்கிறது. 'ஹார்ட் அட்டாக்' என்று மனசு மொழிபெயர்க்கிறது. அந்தப் பயத்தில் அட்ரினலின் இன்னும் சுரக்கிறது, படபடப்பு கூடுகிறது. 'பார்த்தாயா, நிஜம்தான்' என்று பயமும் கூடுகிறது. ஒன்றை ஒன்று விரட்டிச் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போகிறது. அடங்கிய பிறகு, 'மாத்திரை பையில் இருந்ததால் பிழைத்தேன்' என்று ஆள் நம்பிவிடுகிறார். மாத்திரை இல்லாவிட்டாலும் அடங்கியிருக்கும் என்று கண்டுபிடிக்கிற சந்தர்ப்பமே அவருக்குக் கிடைப்பதில்லை.

பேச்சு சிகிச்சை அந்தச் சந்தர்ப்பத்தை உண்டாக்கித் தருகிறது. இதயம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் உறுதி செய்த பிறகு, பயந்த அறிகுறிகளை அவரே வேண்டுமென்று வரவழைக்க வேண்டும். நின்ற இடத்தில் ஓடுவது, சுழல் நாற்காலியில் சுற்றுவது, மெல்லிய ஸ்ட்ராவால் மூச்சு விடுவது. அந்தத் தம்பிக்குக் கொடுத்த பாடங்களில் ஒன்று மாடிப்படி ஏறி இறங்குவது. எங்கள் கடைப் படியிலேயே ஒருநாள் ஏறி இறங்கி, மூச்சிரைக்க நின்று, கழுத்து நாடியைத் தொட்டுப் பார்க்காமல் கையைக் கட்டிக்கொண்டார். கையைக் கட்டிக்கொள்வதுதான் அன்றைய பாடமாம். சார்பிட்ரேட்டை வீட்டில் வைத்துவிட்டு வண்டி எடுப்பது அதற்கு அடுத்த பாடம்.

"தெரியாதுக்கா"

எனக்கு இருந்தது வேறு வகை. திடீரென்று வந்து போகும் பீதி கிடையாது. விடிந்ததிலிருந்து படுக்கும்வரை ஓடுகிற கவலை. கடைக்கு வாங்கிய கடன், ஆன்லைனில் தள்ளுபடிக்கு மருந்து விற்கிறவர்களின் போட்டி, மாமியாரின் சர்க்கரை, கோயம்புத்தூர் ஹாஸ்டலில் படிக்கிற மகள். ஒன்று ஓய்ந்தால் அடுத்தது. கழுத்து எப்போதும் இறுகியிருக்கும், எதைப் படித்தாலும் இரண்டு வரிக்கு மேல் ஓடாது. மகள் போனை எடுக்காவிட்டால் திரும்ப அடிப்பேன், அவள் தோழிக்கு அடிப்பேன், வார்டனுக்கு அடிப்பேன். எங்கள் குடும்ப டாக்டர் தைராய்டு, ஹீமோகுளோபின் பார்த்துவிட்டு, ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டின் நம்பரை எழுதிக் கொடுத்தார்.

சினிமாவில் வருகிற சாய்வு சோபா அங்கே கிடையாது. இரண்டு நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை, நாங்கள் இருவருமே பார்க்கிற மாதிரி ஒரு கடிகாரம். எதிரில் இருந்தவர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். "டாக்டர்" என்றேன். "நான் டாக்டர் இல்லைங்கக்கா, சைக்காலஜிஸ்ட். மாத்திரை எழுத மாட்டேன்" என்றார். ஒரு தாளை நீட்டினார். கடந்த இரண்டு வாரத்தில் படபடப்பு எத்தனை நாள் இருந்தது, கவலையை நிறுத்த முடிந்ததா என்பது போல ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை. ஜி.ஏ.டி.-7 என்ற இந்தத் தாள் 2006இல் உருவாக்கப்பட்டது, உலகம் முழுக்கப் பயன்பாட்டில் இருக்கிறது. மொத்தம் 21. பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனித்துப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். இதை வைத்து நோயை முடிவு செய்வதில்லை. சிகிச்சை பலிக்கிறதா என்று நடுநடுவே அளந்து பார்க்கவும் இது உதவுகிறது.

அதன் பிறகு அவர் கேட்டதெல்லாம் துல்லியமான கேள்விகள். கடைசியாக எப்போது வந்தது? அந்த நிமிஷம் மனசில் ஓடியது என்ன? உடம்பில் எங்கே தெரிந்தது? உடனே என்ன செய்தீர்கள்? செய்ததும் எப்படி இருந்தது? எவ்வளவு நேரத்துக்கு?

இந்தக் கேள்விமுறைக்கு ஒரு வரலாறு உண்டு. ஃபிலடெல்ஃபியாவில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் ஃபிராய்டு வழியில் பயிற்சி பெற்றவர். ஆழ்மனத்தைத் தோண்டிக்கொண்டிருந்தவர், 1960களில் ஒன்றைக் கவனித்தார். நோயாளிகள் வாய்விட்டுச் சொல்வதற்கு அடியில் இன்னொரு எண்ண ஓட்டம் சடசடவென்று ஓடுகிறது. அதை அவர்களே கவனிப்பதில்லை. கேட்டால் மட்டும் சொல்கிறார்கள். அந்த எண்ணங்களைப் பிடித்து, எழுதி, சோதித்துப் பார்ப்பதைச் சிகிச்சையாக்கினார். அதுவே பழக்கங்களை மாற்றும் சிகிச்சையோடு சேர்ந்து இன்று சி.பி.டி. என்று வழங்குகிறது. பெக் நூறு வயது வாழ்ந்து 2021இல் காலமானார். நியூயார்க்கில் ஆல்பர்ட் எல்லிஸ் 1950களிலேயே இதற்கு நெருக்கமான ஒரு வழியைத் தொடங்கியிருந்தார்.

எனக்கும் ஒரு நோட்டு கிடைத்தது. பதிவேடு எழுதுவது என் தொழில் என்பதால் கட்டம் போடுவதில் சிரமமில்லை. ஒரு வியாழக்கிழமைப் பதிவு இப்படி இருந்தது. நடந்தது: மகளின் போன் ஸ்விட்ச் ஆஃப். எண்ணம்: 'பஸ் எங்கேயோ கவிழ்ந்துவிட்டது.' பயம்: நூற்றுக்குத் தொண்ணூறு. அந்த எண்ணத்துக்கு ஆதாரம்: போன் ஆஃப் என்பது மட்டும். எதிராக: அவள் அன்றைக்குப் பஸ்ஸிலேயே ஏறவில்லை, வகுப்பு இருந்தது. வேறு காரணம்: சார்ஜ் இல்லை. இப்போது பயம்: ஐம்பத்தைந்து. கடைசிக் கட்டத்தை மறுநாள்தான் நிரப்பினேன்: 'சார்ஜரை ரூம்மேட் எடுத்துப் போய்விட்டாள்.'

இதில் கவனிக்க வேண்டியது, பயம் பூஜ்யமாகவில்லை என்பது. அதைக் காட்டி, "அப்போ நிச்சயமா ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டேன். கேட்டவர்கள் எல்லாரும், 'ஆகாது' என்றுதான் இதுவரை பதில் சொல்லியிருந்தார்கள். அவர் சொன்னார்: "தெரியாதுக்கா. எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரியாமலே ஒரு அரை மணி நேரம் இருக்க முடியுமான்னு பார்ப்போமா?"

காசு கொடுத்து இந்தப் பதிலைக் கேட்கவா வந்தோம் என்று முதலில் எரிச்சல் வந்தது. ஆனால் சிகிச்சையின் மையமே அந்தப் பதில்தான். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் மிஷேல் டுகா என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1990களிலிருந்து இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஓயாமல் கவலைப்படுகிறவர்களுக்கு ஆபத்தைவிட நிச்சயமின்மைதான் தாங்க முடியாததாக இருக்கிறது. 'மோசமாகலாம்' என்பதைவிட 'என்னவென்று தெரியவில்லை' என்பது அவர்களைக் குடைகிறது. தெரிந்துகொள்ள ஒரு போன் போடுகிறார்கள், கூகுளில் தேடுகிறார்கள், பி.பி. பார்க்கிறார்கள். சொறியச் சொறிய அரிப்பு கூடுகிற தோல்வியாதி மாதிரி, கிடைக்கிற ஒவ்வொரு நிம்மதியும் அடுத்த சந்தேகத்தைச் சீக்கிரம் கொண்டுவருகிறது. கையில் செல்போன் வந்த பிறகு சொறிய நகமும் நீளமாகிவிட்டது. பஸ் ஏறியவர் போய்ச் சேர்ந்தார் என்ற கடிதத்துக்காக ஒரு வாரம் காத்திருந்த தலைமுறைக்கு நிச்சயமின்மையில் இருக்கிற பழக்கம் இருந்தது. நீல டிக் விழுந்து இரண்டு நிமிஷம் பதில் வராவிட்டால் தவிக்கிற நமக்கு அந்தப் பயிற்சியே இல்லாமல் போயிற்று.

எனக்கு வைத்த வீட்டுப்பாடம் எளிமையானது: ராத்திரி ஒரு போன், அவ்வளவுதான். நடுவில் கை பரபரத்தால் மணியைப் பார்த்துத் தவிப்புக்கு ஒரு மார்க் போட வேண்டும். எட்டு மணிக்கு எண்பது. எட்டேகாலுக்கு எண்பத்தைந்து. ஒன்றும் செய்யாமலே ஒன்பது மணிக்கு நாற்பது. தவிப்பு ஏறிக்கொண்டே போய் என்னை ஒரு வழி பண்ணிவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். அது ஏறி, நின்று, இறங்குகிறது என்பதை என் கையெழுத்திலேயே பார்த்தேன்.

கவலைக்கு மாலை நாலு மணி

இன்னொரு பாடம் கேட்டதும் சிரிப்பு வரும்: கவலைப்படுவதற்கென்று நேரம் ஒதுக்குவது. பென்சில்வேனியாவில் தாமஸ் போர்க்கோவெக் என்ற உளவியலாளரும் அவர் குழுவும் 1983இல் வெளியிட்ட முறை இது. தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி நேரம். மற்ற நேரத்தில் கவலை வந்தால் ஒரு வரி எழுதி வைத்துவிட்டுக் கையிலிருக்கும் வேலைக்குத் திரும்ப வேண்டும். 'கவலைப்படாதே' என்றால் மனசு கேட்காது. 'இப்போது வேண்டாம், நாலு மணிக்கு' என்றால் ஆச்சரியமாகக் கேட்கிறது.

எங்கள் கடையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாலு மணி வாக்கில் ஈ ஆடும். ஸ்டாக் அலமாரிக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு நோட்டைத் திறப்பேன். காலையில் மலை மாதிரி எழுதிய பாதி விஷயங்கள் அப்போது உப்புச்சப்பில்லாமல் தெரியும். மிச்சத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். செய்ய ஏதாவது இருப்பவை: ஜி.எஸ்.டி. தாக்கல், பேங்க் மேனேஜரிடம் தவணை பற்றிப் பேச்சு, மாமியாருக்குக் கண் பரிசோதனை. இவற்றுக்கு நாளும் நேரமும் குறிக்க வேண்டும். செய்ய எதுவுமே இல்லாதவை: 'மகளுக்கு நல்ல இடம் அமையாவிட்டால்?' அவற்றை வாசித்துவிட்டு அப்படியே விட வேண்டும். பதில் எழுதக் கூடாது.

2020இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தீராத கவலைக் கோளாறு உள்ள 29 பேரிடம் கவலைகளை எழுதச் சொல்லி, பிறகு நடந்ததோடு ஒப்பிட்டார்கள். சோதித்துப் பார்த்த கவலைகளில் 91 சதவீதத்துக்கும் மேல் நடக்கவே இல்லை. சிறிய ஆய்வுதான். ஆனால் அடுத்தவருடைய புள்ளிவிவரம் யாருக்கும் தைரியம் கொடுக்காது. தன் நோட்டில் தானே கணக்குப் பார்ப்பதுதான் வேலை செய்கிறது. எழுதச் சொல்வதன் காரணம் அதுவே.

கடன் நிஜம்தானே?

'இ.எம்.ஐ. நிஜம், வேலை போகும் என்பது நிஜம், பேசினால் அதெல்லாம் தீருமா?' என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: தீராது. சைக்காலஜிஸ்ட் யாருடைய கடனையும் அடைப்பதில்லை. பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்குகிற முதலாளியை மாற்ற முடியாது. நல்ல தெரபிஸ்ட் செய்வது, நிஜப் பிரச்சினையையும் அதன் மேல் மனசு கட்டுகிற மாடிகளையும் தனித்தனியாக எடுத்து வைப்பது. கடன் எவ்வளவு, எந்தத் தேதி, யாரிடம் பேசலாம் என்பது ஒரு தாள். 'கடை மூடி, மானம் போய், மகள் படிப்பு நின்று' என்பது இன்னொரு தாள். முதல் தாளுக்கு வேலை செய்யத் தெம்பு வேண்டும்; இரண்டாவது தாள் அந்தத் தெம்பைத்தான் சாப்பிடுகிறது. தவணையைத் தள்ளி வைக்கப் பேங்குக்குப் போகும் தைரியம் எனக்கு வந்தது இப்படிப் பிரித்த பிறகுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டில் அடி வாங்குகிற பெண்ணிடம் மூச்சுப்பயிற்சி செய்யச் சொல்வது சிகிச்சையாகாது. அவளுடைய பயம் சரியான பயம். முதலில் பாதுகாப்பு, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

ஆண்கள் பலர் கண்டுபிடித்து வைத்திருக்கிற வைத்தியம் குவார்ட்டர். அது ராத்திரி தூங்க வைக்கும். விடியற்காலை போதை இறங்கும்போது தூக்கத்தைக் கெடுத்து, படபடப்பைக் கூடுதலாக எழுப்பிவிடும். மறுநாள் காலையில் கடை திறக்கும்போதே வந்து நிற்பவர்களில் இவர்களும் உண்டு.

மாத்திரை விற்பவள் சொல்கிறேன்

பேச்சு சிகிச்சை மாத்திரைக்கு எதிரி கிடையாது. பதட்டம் கடுமையாக இருந்தால், தூக்கமும் சாப்பாடும் போய்விட்டால், மனநல மருத்துவர் எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் மாதிரி மருந்து எழுதுவார். முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரத்தில் வயிறு கலங்கலாம், படபடப்புகூடக் கொஞ்சம் கூடலாம். 'வேலை செய்யல' என்று நாலே நாளில் நிறுத்துகிறவர்களை வாரா வாரம் பார்க்கிறேன். குணமான பிறகும் டாக்டரைக் கேட்டுத்தான் மெல்லக் குறைக்க வேண்டும்.

அல்பிரசோலாம் கதை வேறு. அரை மணி, ஒரு மணி நேரத்தில் சொகமாக இருக்கும். அந்த வேகம்தான் அதன் ஆபத்து. பழகிப்போகும், விட முடியாது. 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிற ஹெச்-1 அட்டவணையில் அல்பிரசோலாம், டயசெபாம் இரண்டும் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் விற்க முடியாது. நோயாளி பெயர், எழுதிய டாக்டர் பெயர், மருந்து, அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். 'ரெண்டே ரெண்டு கொடுங்கக்கா' என்று கேட்கிறவர்களை நான் திருப்பி அனுப்புவது இதனால்தான். தினமும் போட்டுப் பழகியவர்களுக்கும் ஒன்று: திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், டாக்டர் மேற்பார்வையில் இறக்க வேண்டும்.

யாரிடம் போவது?

சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்த டாக்டர், மருந்து எழுதலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் உளவியல் படித்து, மருத்துவமனைப் பயிற்சியோடு சிகிச்சை கற்றவர், ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஒரு வார இறுதிப் பயிற்சி முடித்துவிட்டு 'கவுன்சலர்' என்று போர்டு மாட்டியவர்களும் ஊரில் இருப்பதால் கேட்டே ஆக வேண்டும்.

தனியாரில் ஒரு அமர்வு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். ஊருக்கும் ஆளுக்கும் தகுந்த மாதிரி 500 ரூபாயிலிருந்து 2000, அதற்கு மேலும் கேட்பார்கள். பதட்டத்துக்கான சி.பி.டி. வாரம் ஒன்றாக 12 முதல் 20 அமர்வுகளுக்குள் பெரும்பாலும் முடியும். காசில்லை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. எங்களுக்கு ராஜாஜி ஆஸ்பத்திரி. மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கிறது. மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி-மனஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். உயிரை விடத் தோன்றுகிறவர்கள் அந்த எண்ணத்தோடு ஒரு ராத்திரியையும் தனியாகக் கழிக்க வேண்டாம், உடனே கூப்பிடுங்கள்.

'நான் போனது வெளியே தெரிந்துவிடுமோ' என்ற பயம் பலருக்கு. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் ரகசியத்தை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்பது போன்ற நிலைகளில் மட்டும் விதிவிலக்கு. உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்பதும் அதே சட்டம். ஆனால் பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும் என்பதால் பேச்சு சிகிச்சைச் செலவு கையைத்தான் கடிக்கும்.

தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பதட்டமும் மனச்சோர்வும் சேர்ந்த பொதுவான மனநலப் பிரச்சினைகள் உள்ளவர்களில் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்று தெரியவந்தது. அத்தனை பேருக்கும் நிபுணர்கள் போதமாட்டார்கள். கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேலும் சகாக்களும் ஊர்க்காரர்களையே ஆலோசகர்களாகப் பயிற்றுவித்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். அரசு நிலையங்களில் நல்ல பலன் இருந்ததை 2010இல் வெளியிட்டார்கள். ஜிம்பாப்வேயில் பாட்டிமார்களை மரத்தடி பெஞ்சில் உட்கார வைத்து இதே போன்ற திட்டத்தை டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் நடத்திவருகிறார். நம் ஊர் சுகாதார நிலையங்களிலும் இப்படி நாற்காலி போட முடியும்.

எல்லாருக்கும் பலிக்குமா? இங்கிலாந்தில் 2008 முதல் அரசே லட்சக்கணக்கானோருக்குப் பேச்சு சிகிச்சை தருகிறது. முறையாக முடித்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் குணமடைகிறார்கள். குணமடையாதவர்களிலும் கணிசமானோருக்குத் தேவலை. ஆக, கைவிடவும் வேண்டாம், மந்திரம் என்று நம்பவும் வேண்டாம். முதல் நாளே கேளுங்கள்: என்ன முறையில் சிகிச்சை, எத்தனை அமர்வு, பலனை எப்படி அளப்பீர்கள்? ஒரு மாதம் கழித்தும் 'கவலைப்படாதீங்க' என்பதைத் தவிர வேறெதுவும் கையில் கிடைக்காவிட்டால் ஆளை மாற்றுங்கள். அந்த வார்த்தையை எங்கள் கடையில் இலவசமாகவே கொடுக்கிறோம்.

வீட்டில் இருப்பவர்கள்

சிகிச்சை வாரத்தில் ஒரு மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் வீட்டில்தான். பதட்டக்காரருடைய கணவன், மனைவி, அம்மா எல்லாரும் தெரியாமலே ஆறுதல் மெஷினாகிவிடுகிறார்கள். நாலு தடவை கேட்டால் நாலு தடவையும் 'ஒண்ணும் ஆகாது' என்கிறார்கள். ஐந்தாவது தடவை எரிந்து விழுகிறார்கள். இரண்டுமே உதவாது. "பயமா இருக்குன்னு தெரியுது" என்று முதலில் சொல்ல வேண்டும். உறுதிமொழி கொடுக்கக் கூடாது. அடுத்து செய்ய வேண்டிய வேலைக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப் போக வேண்டும்.

என் வீட்டுக்காரரை ஒரு அமர்வுக்கு வரச் சொல்லி இதைக் கற்றுக் கொடுத்தார்கள். பாவம், மனைவி கண் கலங்கிக் கேட்கும்போது 'ஆகாது' என்று சொல்லாமலிருப்பது அவருக்குப் பெரிய பரீட்சையாக இருந்தது. மகளுக்கு இப்போது புனேயில் வேலை. போன வாரம் அவள் ரயில் ஏறிய ராத்திரி, "பத்திரமா போய்ச் சேர்ந்துருவால்ல?" என்று கேட்டேன். "அது தெரியல. தோசை ஆறுது, வா" என்றார்.